லியா எழுதிய நிகழ்ச்சி நிரல்

சூடேறிய பிளாஸ்டிக்கின் மணம்தான், நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய கிங்ஸ்பரி வீட்டின் மணம். அப்பா வேலை செய்த போட்டோகொப்பிக் கடையில் 'லமினேட்' செய்யும் இயந்திரம் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு எரிந்தபோது காணி 'உறுதி'ப் பத்திரம் முதல் கலியாணப் பதிவு வரை எல்லாம் சாம்பலாகிப் போனதால், பிறகு கையில் அகப்பட்ட கடதாசி அத்தனைக்கும், எங்கள் சாதகக் குறிப்புகளுக்கும் கூட, அவர் பிளாஸ்டிக் போர்த்திவிடுவார்.

"கொஞ்சம் அசந்தால் பிள்ளையளையும் 'லமினேட்' பண்ணிப்போடுவார் இந்த மனுசன்," என்பார் அம்மா.

1988 மாரிகாலத்தில், பக்கத்து வீட்டு ஹானா அன்ரி நான்காய் மடித்த தாளொன்றைக் கொண்டுவந்தார். அவர் கண் பார்வை மங்கிய யூதப் பெண்மணி. போர்க்காலத்தில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த 'கெட்டோ' ஒன்றில் அவரும் அக்கா லியாவும் இருந்தவர்கள். பசியிலும் பேனிலும் கிடந்த அந்த மனிதர்கள் பாடினார்கள், நாடகம் போட்டார்கள், களவாய் எடுத்த படிவங்களின் பின்பக்கத்தில் படம் வரைந்தார்கள் என்றெல்லாம் பின்னாளில் நூல்களில் வாசித்தேன். அன்று எனக்குத் தெரிந்தது அந்தத் தாள் மட்டுமே. பரண் ஒன்றில் நடந்த சிறுவர் கச்சேரியின் நிகழ்ச்சி நிரல் அது. லியா பென்சிலால் எழுதியது. சில பாட்டுகளின் பெயர்கள், மூலையில் ஒரு பறவை, 1943 என்ற ஆண்டு. மாதம் மடிப்பில் தேய்ந்திருந்தது. அடுத்த ஆண்டு லியாவை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்; அவள் திரும்பவில்லை. அவள் விட்டுச்சென்றது வேறெதுவும் இல்லை.

மடிப்பு கிழிந்து வருகிறது, ஒரு பிரதி எடுத்துத் தர முடியுமா என்று அன்ரி கேட்டார்.

"பாவம் மனுசி. பிரதி மட்டும் போதுமோ? ஒரிஜினலையே காப்பாத்திக் குடுக்கிறன்," என்றார் அப்பா அம்மாவிடம்.

மறுநாள் பின்னேரம் பளபளவென்று வந்தது தாள். நாங்கள் எல்லோருமே அதைக் கொண்டுபோனோம். இனித் தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று அப்பா ஆங்கிலத்தில் பெருமையாய்ச் சொன்னார். அன்ரி தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் விரல் நுனியை ஓடவிட்டார். நிறுத்தினார். மறுபடி மேலிருந்து தடவினார்.

"அவள் எங்கே?" என்று கேட்டார்.

லியா பென்சிலை அழுத்தி எழுதுவாளாம். எழுத்துகள் பின்புறம் மேடுதட்டி நிற்குமாம். கண் மங்கிய பிறகு அன்ரி அக்காவை அப்படித்தான் வாசித்துவந்திருக்கிறார். இயந்திரத்தின் சூடான உருளைகள் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிட்டன.

"ஓரத்தை வெட்டினா உரிக்க ஏலும்," என்றார் அப்பா.

"ஏலாது. விடுங்கோப்பா, இருக்கிறதும் கிழிஞ்சுபோகும்," என்றார் அம்மா.

தமிழ் விளங்காத அன்ரி, எழுந்துபோய்க் கேத்திலைப் போட்டார். அப்பாவின் தேநீருக்கு மட்டும் சீனி கூடப் போட்டார். அப்பா குடிக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் கடதாசி எதற்கும் அவர் பிளாஸ்டிக் போர்த்தவில்லை.

அன்ரி 1994இல் காலமானார். இப்போது அப்பாவும் இல்லை. கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். அன்ரியின் தாள் ஓர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அண்மையில் போய்க் கேட்டபோது எடுத்துவந்து வைத்தார்கள். கையுறை தேவையில்லையாம். கூட இருந்த அட்டையில் 'எழுத்து தெளிவு, நிலை நன்று' என்று குறித்திருந்தார்கள். தாளைத் திருப்பி விரலை வைத்தேன். வழுக்கிக்கொண்டு போனது.