வாத்தியாருக்கு ஒரு வீடு

போன வாரம் மகளோடு மடிப்பாக்கத்தில் ஒரு வாடகை வீடு பார்க்கப் போயிருந்தேன். மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடவில்லை. நான் மேலே போய்ச் சேர்வதற்குள் மகள் சமையலறை, குளியலறை, துணி காயப்போடும் இடம் எல்லாம் பார்த்து முடித்து, வீடு பிடித்துப்போன முகத்தோடு நின்றிருந்தாள். புரோக்கர் குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதீங்க மேடம், ஓனர் கேக்கச் சொன்னாரு. நீங்க என்ன கம்யூனிட்டி?" என்றார்.

"மாசம் பொறந்தா வாடகை குடுக்கற கம்யூனிட்டி" என்று சொல்லிவிட்டு மகள் இறங்கிப் போய்விட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் படி கண்ணுக்குத் தெரியாது. எனக்கு ஒவ்வொரு படியும் தெரியும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். சுவரெல்லாம் புது வெள்ளை. அது பெயின்ட்தான், நல்ல கம்பெனி பெயின்ட். ஆனால் என் மூக்குக்கு அது ஈரச் சுண்ணாம்பாக வாசம் அடித்தது. இந்த மூக்கு எப்போதுமே இப்படித்தான். அதைக் காஞ்சிபுரத்திலேயே விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்து வந்திருக்கிறேன் போல.

எழுபதுகளின் தொடக்கம். உத்திரமேரூர்ப் பக்கத்து ஊரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வாத்தியாராக வந்து சேர்ந்திருந்தேன். எங்கள் சேரியிலிருந்து முதன்முதலாகச் சாக்குக்கட்டி பிடித்தவன் நான்தான். அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது. கல்யாணமும் ஆகியிருந்தது. சுகுணாவை அழைத்துவர ஒரு வீடு வேண்டும்.

அப்போது வீடு தேடுவது என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருத்தெருவாக நடப்பதுதான். நான் அதை ஒரு ஆராய்ச்சி போலவே செய்தேன். எந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் வருகிறது, எங்கே மழைத்தண்ணீர் தேங்கும், பெரிய காஞ்சிபுரத்தில் தேரோடும் நாட்களில் சைக்கிள் எந்தச் சந்து வழியாகப் போகும் என்றெல்லாம் விசாரித்து வைத்திருந்தேன். தேய்த்த சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, மாமனார் போட்ட வாட்ச். தெரு முழுக்கத் தறிச் சத்தம் கேட்கும். நான் உள்ளே நுழைந்ததும் ஒரு வீட்டில் தறி நிற்கும். பிறகு அடுத்த வீட்டில். ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். நான் போன பிறகு மறுபடியும் ஓடும்.

நான் தயாரித்து வைத்திருந்த கேள்விகளை யாரும் கேட்க விட்டதில்லை. கேள்விகள் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தன. எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? கோயிலுக்குக் கிழக்கால தெருவா, மேற்கால தெருவா? அப்பாவுக்கு நெலம் இருக்குதா? ஏகாம்பரநாதர் கோயில் பக்கத்தில் ஒரு பெரியவர் "வாத்தியாரா? நல்லது, நல்லது" என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தார். பாசக்கார மனிதர் என்று நினைத்தேன். அவர் விரல்கள் சட்டைக்கு மேலேயே தோளிலிருந்து குறுக்காக எதையோ தேடிப்போயின. அது கிடைக்கவில்லை என்றதும் கை பட்டென்று விலகியது.

நேராகக் கேட்டவர்களுக்கு நேராகவே சொன்னேன். உடனே அவர்களுக்கு ஒரு மச்சான் ஞாபகம் வந்துவிடுவான். "அடடா, எங்க மச்சான் குடும்பத்தோட வந்துக்கினு இருக்கறான்பா. நேத்துதான் சொல்லியனுப்பிச்சான்." அந்த வருஷம் காஞ்சிபுரத்துக்கு வருவதாக இருந்த மச்சான்கள் எல்லோரும் உண்மையிலேயே வந்திருந்தால் பாலாற்றுக்கு அந்தப் பக்கமும் ஊர் வளர்ந்திருக்கும்.

பிள்ளையார்பாளையத்தில் ராஜம்மாவின் வீட்டுப் பின்கட்டு அப்படித்தான், தேடிச் சலித்த ஒரு நாளில், கிடைத்தது. அன்றைக்குத்தான் வெள்ளையடித்திருந்தார்கள். சுண்ணாம்பு ஈரம் கையில் ஒட்டியது. ராஜம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பெரிய குங்குமம், பெரிய குரல். புருஷன் எப்போதும் தறிக்குழியில் இடுப்புவரை இறங்கியே இருப்பார். அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். "வாத்தியாரா? அப்ப சரிப்பா. வெளக்கேத்த ஒரு பொம்பளை வந்தா போதும்" என்றார். அவ்வளவுதான். அவர் கேட்கவில்லை. அந்த வேட்டியின் வெள்ளையைப் பார்த்து, அவராகவே எங்களுக்கு ஒரு சாதியைக் கொடுத்துக்கொண்டார்.

சுகுணாவுக்குத் தாய் இல்லை. ராஜம்மாவுக்கு மகள் இல்லை. இரண்டும் ஒட்டிக்கொள்ள எத்தனை நாள் ஆகும்? நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் இரண்டு பேரும் கிணற்றடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்கள். சுகுணாவின் தலையில் பேன் பார்த்துவிடுவார் அந்தம்மா. வத்தக்குழம்பு வைத்தால் முதல் கரண்டி பின்கட்டுக்கு வந்துவிடும். அப்படி ஒரு வத்தக்குழம்பை நான் பிறகு எங்கேயும் சாப்பிட்டதில்லை. இதைச் சொல்லும்போதே நாக்கில் ஊறுகிறது. வெட்கங்கெட்ட நாக்கு.

சுகுணா ஏழு மாசமாக இருந்தபோது, "தாயி இல்லன்னா இன்னா? நான் இல்ல? நான் போடறேன் வளையல்" என்று ராஜம்மாவே நாள் பார்த்தார். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் அவர் கையாலேயே கிளறினார். தெருப் பெண்கள் பட்டுப்புடவையில் வந்து கூடம் நிறைய உட்கார்ந்தார்கள். சந்தனம் பூசியாயிற்று. சுகுணாவின் இடது கையில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை ராஜம்மா அடுக்கி முடித்திருந்தார். வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும்போதுதான் தெருப் பக்கமிருந்து குரல் கேட்டது.

"சாமியோ, வாத்தியார் வூடு இதானுங்களா?"

என் அப்பா.

நான்தான் வரச்சொல்லி ஊருக்குச் சொல்லியனுப்பியிருந்தேன். மருமகளுக்கு வளைகாப்பு, மாமனார் வராமல் எப்படி? அவர் வாசலுக்கு வரவில்லை. சாக்கடைக்கு அந்தப் பக்கம், நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தார். வெயில் கொளுத்தியது. செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். தோளில் கிடக்க வேண்டிய துண்டு இடுப்பில் இருந்தது. காலடியில் ஒரு சாக்கு. அதில் பரங்கிக்காயும் பச்சை வேர்க்கடலையும். எங்கள் ஊரில், ஆண்டைகள் தெருவில், அறுபது வருஷமாக அவர் அப்படித்தான் நின்றிருக்கிறார். வேறு மாதிரி நிற்க அந்த உடம்புக்குத் தெரியாது.

ராஜம்மா குங்குமத்தட்டோடு வெளியே போனார். "யாருப்பா நீ? இன்னா வோணும்?"

"கும்புடுறேன் தாயி. வாத்தியாரு நம்ம புள்ளதானுங்க. மருமவளைப் பாத்துட்டுப் போலாமுன்னு."

நான் கூடத்தைத் தாண்டி ஓடினேன். அதற்குள் ராஜம்மா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். சுகுணாவின் கன்னத்தில் பூசிய சந்தனம் அந்த விரல்களில் இன்னும் காயாமல் இருந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். தட்டைக் கீழே வைத்தார். நேராகக் கிணற்றடிக்குப் போனார். வாளி உள்ளே விழும் சத்தம் கேட்டது. தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம். மறுபடியும் வாளி.

கூடத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சோற்றை யாரும் தொடவில்லை. ஒருத்தி மட்டும் சுகுணாவைத் தாண்டும்போது முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். சுகுணா பலகையைவிட்டு எழவில்லை. இடது கை நிறைய வளையல். வலது கை வெறுமையாக மடியில் கிடந்தது. அதை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல உட்கார்ந்திருந்தாள்.

நான் அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அவர் வரவில்லை. "வேணாண்டா. இன்னும் கெட்டுப்பூடும். நான் வந்திருக்கக் கூடாது" என்றார். அப்போதும் செருப்பைக் கீழே போடவில்லை. தெருக்கோடிவரை கக்கத்திலேயே கொண்டுபோனார். சாக்கு அங்கேயே கிடந்தது. தறிக்குழியிலிருந்து எழுந்து வந்த ராஜம்மாவின் புருஷன் அதை ஒரு கொம்பால் தள்ளித் தள்ளிச் சாக்கடையில் விட்டார். நான் எடுக்கப் போவதற்குள் பரங்கிக்காய் உடைந்துவிட்டது.

மறுநாள் கிணற்றில் கயிறும் இல்லை, வாளியும் இல்லை. "தூர் வாரணும். வேற எடம் பாத்துக்கோங்க" என்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராஜம்மாவின் குரல் மட்டும் வந்தது. சுகுணா ஏழு மாச வயிற்றோடு தெருக்குழாய்க்குப் போனாள். அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்திக்கொள்வார்கள். அவள் பிடித்து முடித்ததும் குழாயைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். அவள் பார்க்கும்படியே தேய்ப்பார்கள்.

நான் மறுபடியும் தெருத்தெருவாக நடந்தேன். இந்த முறை கேள்விகளே இல்லை. செய்தி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. செவிலிமேட்டுப் பக்கம் ஒரு பாய் நெல் மிஷின் வைத்திருந்தார். மிஷினுக்குப் பின்னால் தவிடு கொட்டும் அறை ஒன்று இருந்தது. "எலி ரொம்ப இருக்குது வாத்தியாரே, புள்ளத்தாச்சி பயந்துக்கப் போறாங்க" என்றார். அவர் கேட்டது அது ஒன்றுதான். எலிகள் எதுவும் கேட்கவில்லை.

சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றியாயிற்று. சுகுணா என்னைக் கேட்காமல் முன்கட்டுக்குப் போனாள். "போயிட்டு வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்தம்மாவின் காலைத் தொடக் குனிந்தாள்.

ராஜம்மா பின்னால் நகர்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டார். "தொடாதடீ! என் அடுப்பங்கரை வரைக்கும் வந்துட்டியேடீ. என் கையால பேன் பாத்தனேடீ."

சுகுணா குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். அந்த வயிற்றோடு நிமிர்வது அவளுக்குக் கஷ்டம். நான் போய்த் தூக்கிவிட்டேன். வண்டி நகர்வதற்கு முன்பே அந்தம்மா சாணித்தண்ணீர் கொண்டுவந்தார். சுகுணா நின்ற இடத்திலிருந்து, நடந்து வந்த வழியெல்லாம், வண்டிச்சக்கரம் வரைக்கும் தெளித்தார். சில துளிகள் சுகுணாவின் புடவையில் விழுந்தன. தெளிக்கும்போது அந்தம்மா அழுதுகொண்டிருந்தார். தேம்பித் தேம்பி அழுதார். ஆனால் ஒரு சாண் இடம்கூட விடவில்லை.

அன்றிரவு சுகுணா வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் போட்டாள். உடைக்கவில்லை.

பெண் பிறந்தாள். போன வாரம் படியில் கோபமாக இறங்கிப்போனாளே, அவள்தான். கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் மார்க்கெட்டில் ராஜம்மா எதிரே வந்துவிட்டார். குழந்தையைப் பார்த்ததும் அந்தம்மாவின் இரண்டு கைகளும் தாமாகவே நீண்டன. பாதி வழியில் நின்றன. "பொண்ணா?" என்றார். "ஆமாம்மா" என்றாள் சுகுணா. அந்தம்மா கூடையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, சுகுணாவின் காலுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் வைத்தார். "கொழந்தைக்கு மசிச்சுக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார். சுகுணா அதை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற மாடு தின்றது. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள்.

சுகுணாவும் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது. ராஜம்மா வீடு இருந்த இடத்தில் இப்போது பட்டுக்கடைக்காரர் ஒருவரின் கார்கள் நிற்கின்றன. நெல் மிஷின் கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. அவற்றுக்காக நான் வருத்தப்படவில்லை.

அந்த வளைகாப்புக்குப் பிறகு அப்பா எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. பாய் அறைக்கும் வரவில்லை. பிறகு நான் சொந்தமாகக் கட்டிய இரண்டு அறை வீட்டுக்கும் வரவில்லை. "எதுக்குடா, ஒங்களுக்குத் தொந்தரவு" என்பார். மாசத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வருவார். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில், உத்திரமேரூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. அங்கே உட்கார்ந்து பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துக் கொடுப்பார். அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். "தாத்தா வீட்டுக்குப் போலாம்" என்று என் மகள் அழுதால், நாங்கள் அவளை அங்கேதான் கூட்டிக்கொண்டு போவோம்.

பஸ் ஸ்டாண்டைப் பெரிதாக்கியபோது அந்தப் பெஞ்சை இடித்துவிட்டார்கள்.