நூலில் இல்லாத கண்ணீர்

மங்களேஸ்வரி ரீச்சர் காலமான செய்தி கொடிகாமம் சந்தையில் என்னை எட்டியது. அவரது மருமகன் சேகரன் தொலைபேசியில் பேசினார். "மாஸ்டர், மாமி விடிய மோசம் போயிட்டா." பார்த்துக்கொண்டிருந்த தேங்காயை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீடு திரும்பினேன்.

மூன்று வாரம் கழித்து அவர் மறுபடி அழைத்தார். முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேண்டுமாம்.

"அன்பு, அடக்கம், பொறுமை எண்டு எழுதினாக் காணும். உந்த இடமாற்றக் கதை வேண்டாம் மாஸ்டர். சனம் ஒரு மாதிரிக் கதைக்கும்."

அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

ரீச்சரிடம் படித்த உங்களுக்கு அந்தப் பழைய துன்பியல் நாடகம் நினைவிருக்கும். கொல்லப்பட்ட மகனின் உடலைக் கேட்டு ஒரு தாய் அரசன் முன் வருகிறாள். முழந்தாளிட்டுக் கேள், தருகிறேன் என்கிறான். அந்த இடத்தில் நூலில் இரண்டே சொற்கள்: 'அவள் நிற்கிறாள்.'

ரீச்சர் உயர்தர வகுப்புக்கு அதே காட்சியை மூன்று திரைப்படங்களில் போட்டுக் காட்டினார். கணக்கு வாத்தியாரான நானும் கடைசி வரிசை வாங்கில் இருந்து பார்த்தேன். முதல் படத்தில் தாய் விழுந்து அழுகிறாள். வயலின் அவளைவிட அழுகிறது. இரண்டாவதில் நிற்கிறாள், ஆனால் கமரா சிம்மாசனத்துக்கு மேலிருந்து பார்ப்பதால் எறும்பளவாகத் தெரிகிறாள். மூன்றாவதில் கமரா அவள் தோள் உயரத்தில் அசையாமல் இருக்கிறது. இசை இல்லை. கொஞ்ச நேரத்தில் அரசன்தான் இருக்கையில் நெளிகிறான்.

எனக்கு முதல் படம்தான் பிடித்தது என்றேன்.

"கணக்கிலை இல்லாத இலக்கத்தைப் பிள்ளையள் போட்டால் விடுவியளோ மாஸ்டர்? அந்தக் கண்ணீர் புத்தகத்திலை எங்கை கிடக்கு, காட்டுங்கோ பாப்பம்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவில் மாணவிகள் அதே காட்சியை நடிக்க இருந்தார்கள். பிரதம விருந்தினர் அதிகாரம் மிக்கவர். ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் கேட்டார்: "பிள்ளை கடைசியிலை முழங்காலிலை இருந்தா என்ன குறைஞ்சு போகும் ரீச்சர்? வாறவர் தன்னைத்தான் சொல்லுறம் எண்டு நினைப்பார்."

"ஏன் சேர், அவருக்கு அந்த அரசன்ரை சாயல் கிடக்கோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

விழாவில் தாயாக நடித்த பிள்ளை நின்றாள். தை மாதம் ரீச்சருக்கு இடமாற்றம் வந்தது. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய பள்ளிக்கூடம். ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் திரும்பி வரலாம் என்று சொல்லச் சாவகச்சேரி பஸ் நிலையத்துக்குப் போனேன். பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்காமல் நின்றே வந்து இறங்கியிருந்தார்.

"ஓம் மாஸ்டர், கால் நோகுதுதான். முழங்கால் நோகேல்லை."

ஓய்வு பெறும்வரை அப்படியே போய்வந்தார்.

சேகரன், உங்கள் மாமியிடம் பொறுமை இருந்தது. இல்லாவிட்டால் என்னோடு பேசியே இருக்கமாட்டார். அடக்கம் இருக்கவில்லை. அதை அச்சடித்தால் நாங்களும் அந்த முதல் படத்தைத்தான் எடுக்கிறோம், வயலினும் சேர்த்து. இதில் ஒரு வரியை வெட்டுவதானால் முழுப் பக்கத்தையும் வெட்டிவிடுங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அன்று கூட்டத்தில் என்னைப் பார்த்த அந்தப் பார்வையை. அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மலரில் இந்தப் பக்கம் இல்லையென்றால், முப்பத்தோராம் நாள் பந்தி தொடங்குமுன், உறவினர் எல்லோர் முன்னாலும் இதை வாசிப்பேன். எனக்கு இருக்கக் கதிரை போடவேண்டாம்.