ஸ்டோர்கீப்பரின் பை

அந்த விளையாட்டுக்குள் வந்ததும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, மரம் வெட்ட பர்மிட் வேண்டாமா என்பதுதான்.

நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றைக்கே கோபித்துக்கொண்டு போயிருப்பார், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். போனில் ஆடும் விளையாட்டு அது. காட்டில் இறக்கிவிடுவார்கள். எதிரே நிற்கிற மரத்தை முதலில் கையாலேயே குத்திக் கட்டை எடுக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகளுக்குக்கூட இது யாரும் சொல்லாமலே தெரியும். இவரோ அந்தமானில் பிறந்து வளர்ந்தவர். இருபத்தாறு வருஷமாக அரசாங்கக் கல்வித்துறை ஆபீஸில் ஸ்டோர்கீப்பர். வனத்துறை முத்திரை இல்லாத ஒரு பலகையை வாழ்நாளில் தொட்டதில்லை. மரத்தின் முன்னால் போய் நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஒரு ஓநாய் வந்து கடித்து, முதல் நாளே செத்தும் போனார்.

நான் அப்போது நடு அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் இருந்தேன். பள்ளிக்கூட ஆசிரியை, பாடம் அறிவியல். போர்ட் பிளேரில் பத்துபஸ்தியில் இருக்கும் எங்கள் வீட்டை விட்டு மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் முடிகிற சமயம் அது. இரண்டு வருஷம் முடித்தவர்கள் திரும்பி வர விண்ணப்பிக்கலாம் என்று, வருஷத்துக்கு ஒரு தடவை வரும் சர்க்குலர் வந்திருந்தது. கையெழுத்துப் போட்டு, பள்ளியிலேயே ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினால் போதும். ஃபாரத்தில் பெயர், பதவி எல்லாம் எழுதிவிட்டேன். கையெழுத்துதான் பாக்கி. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதா, இங்கேயே இருந்துவிடுவதா என்று எனக்கே தெரியவில்லை. அவரிடம் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, கோடாரி செய்வது எப்படி என்று கேட்டார்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தீவில் எல்லோருமே கொஞ்சம் சேர்த்து வைப்பார்கள். கடல் கெட்டால் கப்பல் வராது, கப்பல் வராவிட்டால் வெங்காயம் வராது. அதில் நியாயம் இருக்கிறது. இவர் சேர்ப்பதில் நியாயம், அநியாயம் எதுவும் கிடையாது. இடம் இருந்தால் போதும், சேர்ப்பார். மூன்று பிரஷர் குக்கர்கள் அட்டைப்பெட்டியோடு அப்படியே இருக்கும். சமைப்பது கைப்பிடி உடைந்த நாலாவதில். எங்கள் இருவருக்கும் டெங்கு வந்து படுத்தபோது, புதுக் கொசுவலை பீரோவுக்கு மேலே கவர் பிரிக்காமல் இருந்தது. எடுங்கள் என்றேன். இது நல்ல வலை, பழையதையே ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்றார். காய்ச்சலுக்கு வாங்கி அடுக்கியிருந்த மாத்திரைகளைத் தேடிப் பார்த்தால், எல்லாம் காலாவதியாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ரங்கத் குவார்ட்டர்ஸில் என்னிடம் இரண்டு தட்டு, ஒரு வாணலி, ஒரு புதுக் கொசுவலை. வந்த முதல் நாளே வலையைக் கட்டிக்கொண்டு தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

விளையாட்டு என் மகள் போட்டுக் கொடுத்தது. படிக்க மெயின்லேண்ட் போகும்போது என் போனில் ஏற்றிவிட்டுப் போனாள். அவள் ஒரே மாதத்தில் விட்டுவிட்டாள், நான் பிடித்துக்கொண்டேன். கடலடிக் கேபிள் வந்த பிறகு ரங்கத்திலும் நெட் ஒழுங்காக வருகிறது. பகலில் ஒளிச்சேர்க்கை நடத்திவிட்டு, சாயங்காலம் ஓநாய் அடிக்கும் ஐம்பது வயதுப் பெண்மணி நான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதில் ஒரு தமிழ்க் குழுவும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பெரும்பாலும் நான்தான் பதில் சொல்வேன். எல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள்தான்: இரும்பு எங்கே கிடைக்கும், பையைப் பெரிதாக்குவது எப்படி, செத்தால் சாமான் போய்விடுமா. என் கணவர் கேட்டவற்றை அதுவரை உலகத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரும்பைப் பையில் வைத்தால் துருப் பிடிக்குமா என்றார். உப்புக் காற்றில் வாழ்ந்தவர் புத்தி வேறெப்படிப் போகும். கடைக்காரனிடம் வாங்கிய கயிற்றைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுக்கலாமா என்றார். ஓநாய்த் தோலை எடுத்தால் வனவிலங்குச் சட்டத்தில் வராதா என்று ஒருநாள். அதை அவர் தனியாக என்னிடம் கேட்டிருக்கலாம். குழுவில், எல்லோரும் பார்க்கும்படி கேட்டார். அவர் யார் என்று எனக்குத் தெரிந்ததாகவே நான் காட்டிக்கொள்ளவில்லை.

கட்டை, கல், இரும்பு மூன்றும் இருந்தால் பட்டறையில் வைத்து வாள் செய்யலாம். மூன்றும் அவரிடம் மலை மாதிரி இருந்தது. செய்ய மாட்டேன் என்றார். செய்தால் இரும்பு குறைந்துவிடுமாம். எனக்குக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் படாக் மரப் பலகை நினைவுக்கு வந்தது. சாத்தம் மரமில்லில் வாங்கியது, எனக்கு ஒரு டிரெஸ்ஸிங் டேபிள் செய்வதற்காக. பதினாலு வருஷம் ஆகிறது. நல்ல மரம், அவசரப்பட்டு அறுத்துவிடக் கூடாது என்பார். நானும் நிலைக்கண்ணாடியைப் பார்க்காமலே நரைத்துவிட்டேன்.

ஒரு வாரம் திட்டிய பிறகு வாள் செய்தார். செய்து பையில் வைத்துக்கொண்டு குச்சியால் சண்டை போட்டார். வாளை எடுங்கள் என்று கத்தினால், வீசினால் தேய்ந்துவிடும், இங்கே எழுதியிருக்கிறது பார் என்றார். எழுதித்தான் இருந்தது. எந்த ஆயுதமும் வீச வீசத் தேயும். தேய்ந்தால் இன்னொன்று செய்துகொள்ள வேண்டியதுதான், அதுதான் ஆட்டமே. அவருக்கு அது புரியாமல் இல்லை, பொறுக்கவில்லை.

பை விஷயம்தான் எல்லாவற்றையும்விட மோசம். பையில் அறுபது இடம். அதைத் தாண்டினால் ஒன்றும் ஏறாது, பாரம் கூடினால் ஓடவும் முடியாது. மூன்றாவது வாரத்திலேயே அவர் அரிசி மூட்டை சுமப்பவர்போல நடந்துகொண்டிருந்தார். குழுவில் எல்லோரும் மலை ஏறி இறங்கி வந்த பிறகும் இவர் அடிவாரத்தில் அசைந்துகொண்டிருப்பார். கல்லைக் கீழே போடச் சொன்னேன். நூற்று எண்பது கல் வைத்திருந்தார். எதற்கும் உதவாத கல். அப்போது நான் காதில் மாட்டியிருந்த இயர்போனில், ஆபீஸில் பேசுகிற குரலில் சொன்னார்:

“உதவாததுன்னு கண்டம் பண்ணாம எப்படிப் போடறது? போர்டு உக்காரணும், மூணு பேர் கையெழுத்துப் போடணும். சும்மா தூக்கிப் போட இது என்ன உங்கப்பா ஸ்டோரா?”

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. பையில் இருப்பதையெல்லாம் ஒரு நோட்டில் பக்கம் போட்டு எழுதி வைத்திருந்தார். சிவப்பு மருந்து நாற்பத்து மூன்று என்று அதில் பார்த்து அவரே ஒருநாள் படித்துக் காட்டினார். சிவப்பு மருந்து என்பது அடிபட்டவருக்கு உயிர் ஏற்றுவது. குடிக்கலாம், பக்கத்தில் நிற்பவர் மேல் ஊற்றவும் செய்யலாம். வாரம் முழுக்க இவரை ஓநாயிடமிருந்து காப்பாற்றியே என்னிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. இவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அடிபட்டால் உட்கார்ந்து ஓய்வெடுப்பார். உயிர் தானாக ஏறும்வரை நாங்கள் காவல் நிற்க வேண்டும்.

குகைக் கரடியை அடிக்கப் போனது வியாழக்கிழமை சாயங்காலம். மறுநாள் வெள்ளிக்கிழமை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அந்தக் குகையில் செத்தால் கையில், மேலே இருப்பது மொத்தமும் போய்விடும், பைக்குள் இருப்பது மட்டும் தப்பும். எட்டு மாதம் சேர்த்துச் செய்த வில் என் கையில். என்ன துணிச்சலில் இவரைக் கூட்டிப் போனேன் என்று கேட்காதீர்கள். ஒருவேளை அன்றைக்கு இவர் ஒழுங்காக நின்றால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று எனக்குள் ஒரு கிறுக்கு இருந்திருக்க வேண்டும். கரடியை வைத்துக் குடும்பத்தை முடிவு செய்பவளை நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

கரடி இரண்டாவது அடியிலேயே என்னைச் சுவரில் சாத்திவிட்டது. உயிர் பாதிக்கும் கீழே. மருந்து ஊற்றுங்கள் என்றேன். அவர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். அவசரமே இல்லாத குரலில், இன்னும் கால்வாசி இருக்கே உனக்கு என்றார்.

அடுத்த அடியில் அந்தக் கால்வாசியும் போயிற்று.

திரை சாம்பல் நிறமாகி, என் வில் தரையில் கிடப்பதைப் பார்த்தேன். இவர் அதை எடுக்கப் பார்த்தார். பை நிறைந்துவிட்டது என்று எழுத்து வந்தது. பிறகு கரடி இவரையும் முடித்தது. கடைசிவரை கையில் குச்சிதான்.

“நாப்பத்தி மூணு இருக்கே, ஒண்ணு ஊத்தினா என்னங்க?” என்றேன்.

“எல்லாம் உனக்குன்னுதான் வச்சிருந்தேன். இப்பவே தீத்துட்டு, அப்புறம் ஜஹாஜ் வரலைன்னா?”

காட்டுக்குள், குகைக்குள், கரடியின் முன்னால் இந்த மனிதர் கப்பலுக்குக் காத்திருந்திருக்கிறார். சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“அந்த வீட்டுலயும் எல்லாம் எனக்குன்னுதான் வச்சிருந்தீங்க. வலை, குக்கர், பலகை, எல்லாம். நான் செத்ததுக்கு அப்புறம் ஊத்துங்க” என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஃபாரத்தைப் பையில் வைத்துப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். ஸ்கேன் மெஷின் காலியாகத்தான் இருந்தது. ஆபீஸ் கிளார்க் பெங்காலிக்காரர், நல்ல மனிதர், என்னை அக்கா முறையில் தீதீ என்பார். தீதீ, ஏதாவது அனுப்பணுமா என்று இந்தியில் இரண்டு தடவை கேட்டார். இல்லை என்று இரண்டு தடவையும் சொன்னேன். நான்கு மணிக்கு அப்படியே திருப்பி எடுத்து வந்தேன். வருத்தமாக இல்லை. சொல்லப்போனால், ஜெயித்த மாதிரி இருந்தது. வழியில் மீன் வாங்கி வறுத்துச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம், இவரை என் அணியிலிருந்து நீக்கிவிடலாம் என்றுதான் விளையாட்டைத் திறந்தேன். இவர் ஊர்க் கிணற்றடியில் தனியாக நின்றிருந்தார். உயிர் முழுசாக இருந்தது. சுற்றிலும் ஒரு முயல்கூட இல்லை. நின்றபடி சிவப்பு மருந்து குடித்துக்கொண்டிருந்தார். ஒன்று குடித்தார். உங்கள் உயிர் ஏற்கெனவே முழுமையாக உள்ளது என்று தலைக்கு மேல் எழுத்து வந்தது. அடுத்ததைக் குடித்தார். மறுபடி அதே எழுத்து. என்ன செய்கிறீர்கள் என்று எழுதிக் கேட்டேன். பதிலுக்கு இன்னொன்றைக் குடித்தார். குழுவில் இருந்த நாலைந்து பேர் அங்கே வந்து வேடிக்கை பார்த்தார்கள், சிரிப்புப் படம் போட்டார்கள். ஒருவன், மாமாவுக்கு ரொம்பத் தாகம்போல என்று எழுதினான். மற்ற நாளாக இருந்தால் அதை நானே எழுதியிருப்பேன். இவர் நிறுத்தவில்லை. கிணற்றைச் சுற்றிக் கல்லெல்லாம் கொட்டிக் கிடந்தது. நூற்று எண்பதையும் கீழே போட்டிருந்தார், எந்த போர்டும் உட்காராமல். இடுப்பில் வாள் தொங்கியது.

கடைசி மருந்தும் தீர்ந்த பிறகு எனக்குப் போன் செய்தார்.

“முடிச்சிட்டேன்” என்றார்.

முழு உயிரோடு நின்று மருந்தை வீணாக்கிய முதல் முட்டாள் நீங்கள்தான் என்று ஆரம்பித்தேன். வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. எதற்காகக் குடித்தார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. என்னைத் திரும்பக் கூப்பிட அவருக்குத் தெரிந்த வழி இவ்வளவுதான். நானோ நேற்றோடு கதவை மூடிவிட்டு மீன் தின்றிருக்கிறேன். எப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டும். மாற்றலுக்கு விண்ணப்பம் வாங்கினார்கள், கடைசி தேதி நேற்றோடு போய்விட்டது, நான் போடவில்லை என்று சொன்னேன்.

“தெரியும். நேத்து ஆபீஸ் மூடற வரைக்கும் மாடியில டிரான்ஸ்ஃபர் பாக்கற அந்த செக்‌ஷன்லதான் உக்காந்திருந்தேன். உன் பேர்ல மெயில் வரல.”

தெரிந்துதான் குடித்திருக்கிறார். இனி ஒன்றும் ஆகாது என்று தெரிந்த பிறகு, ஒரு வருஷத்துக்கு எதுவும் நடக்காது என்று உறுதியான பிறகு, ஒவ்வொன்றாக நாற்பத்து மூன்றையும். கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அசிங்கமாக இருந்தது எனக்கு. அழுகையும் வந்தது. அவருக்குக் கேட்கக் கூடாது என்று போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். ஏதாவது சொல்லியாக வேண்டும். அடுத்த வருஷம் போட்டுக்கலாங்க, ஃபாரம் பத்திரமா வச்சிருக்கேன் என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷமாக அவர் சொல்லி, நான் கிண்டலடித்த பேச்சு.

அவர் கிண்டல் செய்யவில்லை. சரி என்று மட்டும் சொன்னார்.