காளியம்மன் துணையும் காலண்டர் பக்கத் தலைப்பும்

இணையதளம் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அதுவரை ஒருவரும் எங்களைக் கூப்பிட்டிருக்கவில்லை. அதனால் அன்று காலை போன் அடித்து, எதிர்முனையில் "நெட்டுல பாத்தேன்" என்று குரல் கேட்டதும், போனை எடுத்த பேச்சியக்கா எனக்குக் கைகாட்டினார். எங்கள் அச்சகத்தின் முன்மேசை அவர் பொறுப்பு. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, போன் வாயைக் கையால் மூடினார்.

"செல்வி, நடை எப்பத் தொறப்பீகன்னு கேக்காக. என்ன சொல்ல?"

"எந்த நடை?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உன்னயக் கேக்கப்போறேன்?"

ஒன்பது மணிக்கு ஷட்டர் திறப்போம் என்று சொல்லச் சொன்னேன். சொன்னார். மறுபடியும் போன் வாயை மூடினார்.

"அபிஷேகம் எத்தன மணிக்காம்?"

இப்போது நான் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்கும் அச்சகங்களுக்கும் இணையப் பக்கத் தலைப்புகள் எழுதிக் கொடுக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், "எப்படிக் கத்துக்கிட்டீக?" என்று கேட்கிறார்கள். அந்த போனில்தான் ஆரம்பித்தது.

1. அம்மன் முதலில்

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் பல வருடம் டி.டி.பி. ஆபரேட்டராக இருந்தேன். தினசரி காலண்டர், மாதக் காலண்டர், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் எல்லாம் அங்கே அடிப்போம். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். ஏஜெண்டுகளை நம்பியே இருக்காமல் இணையதளம் போட்டால் கடைக்காரர்கள் நேரே ஆர்டர் தருவார்கள் என்று அவரை நச்சரித்தது நான்தான். படம், விவரம் எல்லாம் சேர்த்து நாற்பது பக்கம் தயார் செய்தேன்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தலைப்பு வேண்டும். ஒருவர் இணையத்தில் எதையாவது தேடினால் வரிசையாக வந்து நிற்கிறதே, அந்தப் பெரிய எழுத்து வரி பெரும்பாலும் அதுதான். அதைப் பார்த்துத்தான் உள்ளே போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள்.

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முதல்ல அம்மன் பேரப் போடு."

"தலைப்புலயா அண்ணாச்சி?"

"எங்க தாத்தா காலத்துல இருந்து, மேல சாமி பேரு இல்லாம இங்கன ஒரு துண்டுச்சீட்டு அச்சுக்குப் போனதில்ல. போடும்மா."

போட்டேன். 'அருள்மிகு காட்டுப்பாதை காளியம்மன் துணை' என்று ஆரம்பித்து, அதற்குப் பிறகு எங்கள் கம்பெனி பெயர், ஊர், காலண்டர். நாற்பது பக்கத்துக்கும் இதே ஆரம்பம். தேடல் பட்டியலில் ஒரு தலைப்புக்குக் கிடைக்கிற இடம் கொஞ்சம்தான்; மீதியை வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைத்துவிடும். எங்கள் நாற்பது பக்கமும் 'காளியம்மன் துணை' என்று முடிந்து, புள்ளி புள்ளியாக நின்றன. காலண்டர் என்ற சொல் புள்ளிக்குள் போய்விட்டது.

காட்டுப்பாதை காளியம்மன் அண்ணாச்சி வீட்டுக் குலசாமி. கோயில் ஆமத்தூர் தாண்டிக் காட்டுக்குள் இருக்கிறது. அந்தக் கோயிலுக்கென்று ஒரு இணையப் பக்கமும் கிடையாது. வெளியூரில் இருக்கிற பங்காளிகள் அம்மன் பேரைத் தேடினால் நாங்கள்தான் முதலில் வந்தோம். கீழே எங்கள் போன் நம்பர், எங்கள் முகவரி.

ஆடி பிறந்ததும் போன் ஓயவில்லை. பேச்சியக்கா இரண்டு நாள் எரிச்சல்பட்டார். மூன்றாம் நாள் ஆமத்தூரில் இருக்கும் தன் கொழுந்தியாளிடம் பூசை நேரம் எல்லாம் கேட்டு, ஒரு தாளில் எழுதி போனுக்கு மேலே ஒட்டிவிட்டார். "வெள்ளிக்கிழம கூட்டமா இருக்கும், செவ்வாய்க்கிழம வாங்க" என்று ஆலோசனை வேறு சொல்ல ஆரம்பித்தார். எங்கள் பக்கத்துக்கு யாரோ ஐந்து நட்சத்திரம் கொடுத்து, 'சக்தி வாய்ந்த அம்மன், வண்டி நிறுத்தத்தான் இடம் இல்லை' என்று எழுதியிருந்தார்.

காலண்டர் ஆர்டர் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. தலைப்பை மாற்றலாம் என்று அண்ணாச்சியிடம் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன்.

"அம்மன எடுத்துட்டு, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கோயிலுக்குப் போறது? ஆவணி முடியட்டும். ஆர்டர் வரலன்னா அந்தப் பக்கத்த இழுத்து மூடிட்டு, நீ பைண்டிங்குல போய் ஒக்காந்துக்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

2. கிடா வந்த வெள்ளிக்கிழமை

ஆடி பதினெட்டுக்குப் புது வருட காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகக் கட்டி வெளியிடுவது எங்கள் தொழில் வழக்கம். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை. முன்மேசை முழுக்க மாதிரிகளைப் பரப்பி வைத்திருந்தோம். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். பொங்கல் பானை இறங்கியது. விறகுக் கட்டு இறங்கியது. கடைசியாக, கழுத்தில் மாலையோடு ஒரு கிடா இறங்கியது.

முன்னால் வந்தவர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"கோயமுத்தூர்ல இருந்து வர்றோமுங்க. பேத்திக்குக் காது குத்து. அம்மன் எந்தப் பக்கமுங்க?"

பேச்சியக்கா போனுக்கு மேலே ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். அந்த ஆள் சுவரில் தொங்கிய சாமி காலண்டர்களைப் பார்த்தார். மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டார். ஏதோ வித்தியாசமாகப் பட்டிருக்க வேண்டும். ஆனாலும் ஒரு காளி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டார்.

சத்தம் கேட்டு அண்ணாச்சி உள்ளறையிலிருந்து வந்தார். "யாருக இது? கிடாவ யாருலே உள்ள விட்டது?" என்றார். அதற்குள் கிடா, மேசையில் இருந்த மாதிரிக் காலண்டர் ஒன்றில் ஜனவரியை முடித்துவிட்டு பிப்ரவரியில் பாதி போயிருந்தது.

நான் விஷயத்தைச் சொன்னேன். வந்தவர் தன் போனை எடுத்துக் காட்டினார். 'அருள்மிகு காட்டுப்பாதை காளியம்மன் துணை', புள்ளி, புள்ளி, புள்ளி. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். தன் கம்பெனியை வெளியாள் போனில் அவர் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

"அப்ப இது என்ன இடமுங்க?" என்றார் வந்தவர்.

"காலண்டர் அடிக்கிற கம்பெனி."

"அட, காலண்டரா! எனக்கு அங்க மூணு கடைங்க. மூணுக்கும் சேத்து ஆயிரம் காலண்டர் போன வாரந்தான் வேற எடத்துல ஆர்டர் குடுத்தேன். நெட்டுல தேடித்தான் குடுத்தேன். உங்க பேரு வரவே இல்லியே?"

கிடா மட்டும் மென்றுகொண்டிருந்தது.

அண்ணாச்சிக்குத் தன் குலசாமிக்கு வந்தவர்களை அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. கார் எடுத்துக்கொண்டு வேனுக்கு வழிகாட்டிக் கோயில் வரைக்கும் போனார். சாயங்காலம் நெற்றி நிறையத் திருநீறோடு திரும்பி வந்தார். கறிச்சோறு நன்றாக இருந்ததாம். நேரே என் மேசைக்கு வந்து நின்றார்.

"அம்மன எடம் மாத்திருவோம்."

3. ஒரு பக்கம் நிறைய

மறுநாள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். காலண்டர், சிவகாசி காலண்டர், சூப்பர் காலண்டர், தரமான காலண்டர், நம்பர் ஒன் காலண்டர், காலண்டர் காலண்டர் என்று தாள் நிறைய எழுதியிருந்தார்.

"எல்லாத்தையும் தலைப்புல போடு. எவன் எதத் தேடுனாலும் நம்மதான் வரணும்."

பழைய வெட்டும் புள்ளியும் கண்ணுக்கு முன்னால் வந்தது. எப்படிச் சொல்வது என்று யோசித்து, ஒரு மாதிரி காலண்டரை எடுத்து, கடை பெயர் அச்சிடுகிற அடிப்பட்டையைக் காட்டினேன்.

"அண்ணாச்சி, ஒரு கடைக்காரர் இந்தப் பட்டையில போடச் சொல்லி இம்புட்டையும் எழுதிக் குடுத்தா என்ன செய்வீக?"

"கடைப் பேரும் என்ன விக்காருங்கிறதும் போதும், மத்தத வெட்டுன்னு சொல்லுவேன்."

சொல்லிவிட்டு, தாளை என் கையிலிருந்து மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அப்புறம்தான் உருப்படியான வேலை நடந்தது. ஏஜெண்டுகளும் கடைக்காரர்களும் போனில் என்ன கேட்கிறார்கள் என்று பேச்சியக்காவிடம் ஒரு வாரம் எழுதித் தரச் சொன்னேன். ஒருவர்கூட 'தரமான' என்றோ 'நம்பர் ஒன்' என்றோ கேட்கவில்லை. "கடை பேரு போட்டுத் தருவீகளா?", "நூறு மட்டும் அடிப்பீகளா?", "முருகர் படம் இருக்கா?" இவ்வளவுதான். அதையே எடுத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பாக எழுதினேன். 'கடை பெயருடன் தினசரி காலண்டர், 100 முதல்' என்பது ஒன்று. 'முருகன் படக் காலண்டர்' என்பது இன்னொன்று. கம்பெனி பெயர் கடைசியில். அம்மன் படத்தைப் பக்கத்துக்குள்ளே உச்சியில் பெரிதாக வைத்தேன். அண்ணாச்சி அதற்கு ஒரு மாலையும் போடச் சொன்னார், அதையும் போட்டேன்.

ஆவணி பாதியில் ஒரு போன் வந்தது. பேச்சியக்கா பழக்கதோஷத்தில், "நடை சாத்தியாச்சு, சாயங்காலம் வாங்க" என்றார். அடுத்த நொடி எழுந்து நின்றுவிட்டார்.

"செல்வி, தேனியில இருந்து மளிகைக் கடைக்காரர். நூறு காலண்டராம். கடை பேரு போட்டு!"

நான் பைண்டிங்குக்குப் போகவில்லை.

போன மாதம் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி, 'உலகப் புகழ்பெற்ற' என்று ஆரம்பிக்கச் சொன்னார். உலகப் புகழ்பெற்ற பட்டாசு வேண்டும் என்று யாரும் தேடுவதில்லை. சின்னப் பிள்ளை பயப்படாமல் கொளுத்துகிற மத்தாப்பு எது என்று தேடுகிறார்கள். உங்களிடம் வருகிற முதலாளியும் அப்படித்தான் சொல்வார். பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு வாங்குகிறவர் கேட்கிற வார்த்தையை முன்னால் வைத்து, முதலாளி பெயரைக் கடைசியில் வையுங்கள். அவர் பெயர் தெரிந்தவர்கள் தேடாமலே வந்துவிடுவார்கள். தெரியாதவர்களுக்காகத்தான் நாம் தலைப்பு எழுதுகிறோம்.