அக்கா காகிதத்தில் எரித்த மோட்டார்

அடையாறில் அக்கா தினமும் ஒரு ராக்கெட் மோட்டாரை வெடிக்கவிடுகிறார், என்றைக்காவது ஒருநாள் மயிலாப்பூரும் சேர்ந்து பறந்துவிடும் என்று நான் முழுமனதாக நம்பினேன். அப்போது நான் பட்டதாரி, வங்கி ஊழியன், கல்யாணமும் ஆனவன். உறவினர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

அக்கா பிறந்ததும் வளர்ந்ததும் மயிலாப்பூரில்தான். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோதே அப்பா போய்விட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தபடியே அக்கா கணிதத்தில் முதுகலை முடித்தார். என்னையும் படிக்க வைத்தார். நான் என்ன படித்தேன் என்பது மேலே சொன்னதிலிருந்தே தெரியும்.

எழுபதுகளில் அக்காவுக்கும் அவர் கணவரான அத்திம்பேருக்கும் ராக்கெட் துறையில் வேலை. அத்திம்பேர் வெளியூர்ச் சோதனைத் திடலில் மோட்டாரைப் பற்றவைக்கும் குழுவில் இருந்ததால், அக்கா எங்களோடு தங்கி, அடையாறில் ஒரு கல்வி நிலையத்தில் இருந்த கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுவந்தார். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே சொல்வார்:

"இன்னிக்கும் வெடிச்சுடுத்தும்மா."

"கை காலை அலம்பிண்டு வா, தோசை வார்க்கறேன்" என்பார் அம்மா. நானோ ஓடிப்போய் அடையாறு பக்கத்து ஜன்னலைச் சாத்துவேன்.

ஒரு வாரம் விடாமல் வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் என் மனைவியையும் சுவாமி படங்களையும் அசோக் நகர் சித்தி வீட்டுக்கு அனுப்ப ரிக்‌ஷா அழைத்துவந்தேன்.

"இன்னா சாமி, வூட்ட காலி பண்ணிக்கினு போறியா?" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

"அடையாறு வெடிக்கப் போறதுப்பா" என்றேன் ரகசியமாக.

"அடையாறா? என் வூடே அங்கதான் கீது! எனுக்கு யாரு ரிக்‌ஷா இட்டாருவா?"

அக்கா வாசலுக்கு வந்து பார்த்தார். சிரிக்கக்கூட இல்லை. "நாளைக்கு லீவு போட்டுட்டு என்னோட வா" என்றார்.

போனேன். குளுகுளுவென்று ஓர் அறை. துளை போட்ட அட்டைகளை இயந்திரம் விழுங்கியது. எண்கள் அச்சான காகிதம் மடிப்பு மடிப்பாக வெளியே வந்தது. "நெருப்பு எங்கேக்கா?" என்றேன்.

"இதாண்டா நெருப்பு. மோட்டார்ங்கறது ஒரு குழாய். உள்ளே கெட்டியா எரிபொருள்; நடுவுல முள்ளு முறுக்கு அச்சு மாதிரி நட்சத்திர ஓட்டை. உள்ளேர்ந்து வெளிப்பக்கமா எரியும். எரியற பரப்பு ஜாஸ்தியானா அழுத்தம் ஏறும், குழாய் தாங்காது. நொடிக்குள்ள துளித் துளியா என்ன ஆறதுன்னு இது கணக்குப் போடறது." ஒரு எண்ணின் மேல் விரலை வைத்தார். "இங்க வெடிக்கறது."

"வெறும் காயிதத்துலயா? அப்பாடா!"

"நீ அப்பாடாங்கற. அடுத்த மாசம் நிஜ மோட்டாரை உங்க அத்திம்பேர்னா பத்தவைக்கப் போறார்!"

நான் அந்தக் காகிதத்தை மடிப்புக் கலையாமல் எடுத்து அக்கா கையில் கொடுத்தேன்.

நட்சத்திரத்தின் முனைகளை மழுக்கியும் பள்ளங்களை மாற்றியும் அக்கா ஒவ்வொரு வடிவமாக எரித்துப் பார்த்தார். ஒரு சாயங்காலம் வந்து, "இன்னிக்கு வெடிக்கலை" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே படுத்துவிட்டார். அன்றைக்கு மேலதிகாரி ஒருவர், "மெஷின் சொல்றதுன்னு எரிபொருள் வார்க்கற அச்சையே மாத்தணுமா?" என்று எரிந்துவிழுந்தாராம். "மாத்தலேன்னா என் கையெழுத்து கிடையாது சார்" என்றாராம் அக்கா. முணுமுணுத்துக்கொண்டே அச்சை மாற்றி, எரிபொருளைப் புதிதாக வார்த்தார்கள்.

இப்போது அக்கா இல்லை. கடைசி நாட்களில் மூச்சுத் திணறியபோதும் அக்கா என் முகத்தைப் பார்த்து, "நீ முதல்ல உட்காரு. உனக்குத்தான் டாக்டர் வேணும்போல இருக்கு" என்றார். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும், அக்காவைத் தோள்கொடுத்துச் சுமந்த அலுவலக நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பலர், அந்த மோட்டார் கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். ஆளுக்கொரு கதையாக நான் அளந்துவிட்டிருந்ததுதான் காரணம். நடந்தது இவ்வளவுதான். சோதனையன்று அத்திம்பேர் பற்றவைத்தார். மோட்டார் கடைசிவரை எரிந்து, தானே அணைந்தது. மறுநாள் காலை ரயிலில் வீட்டுக்கு வந்தவர், அக்கா கொடுத்த காப்பியில் சர்க்கரை போதவில்லை என்றார்.