பச்சை மலை மேல் போட்ட பழி

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் மருந்து இரண்டுதான்: ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது, அதற்கும் மசியாவிட்டால் உள்ளிருப்பதைத் துடைத்து ஃபார்மட் அடிப்பது. இரண்டும் பலிக்காதபோது சொல்ல என்னிடம் ஒரு வாசகம் இருந்தது. "எக்ஸ்பி சார், ரொம்பப் பழசு. அதான்." பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலையும் சகாக்களே, நீங்களும் சொல்லியிருப்பீர்கள். பாவம், அந்தப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

மந்தைவெளி மாமி

மாமி வீட்டு பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டே இருந்தது. உள்ளே உருளையில் ஒரு ஸ்டிக்கர் துண்டு ஒட்டியிருந்தது என்பதைப் பிறகுதான் பார்த்தேன். முதலில் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வழக்கமான வாசகத்தைச் சொல்லி, எக்ஸ்பியைத் தூக்கிவிட்டுப் புது விண்டோஸ் போட்டேன். அந்தப் பழைய பிரிண்டருக்குப் புது விண்டோஸில் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளே கிடையாது. அரை நாள் உட்கார்ந்து தேடினேன். இரண்டு தடவை காபி கொடுத்துவிட்டு மாமி சொன்னார்:

"ஏன்டாப்பா, நேத்திக்கு வரைக்கும் பேப்பர்தான் சிக்கிண்டிருந்தது. இப்போ கம்ப்யூட்டருக்கு அது யாருன்னே தெரியலேங்கறதே!"

மேற்கு மாம்பலம் ஜோசியர்

இவருடைய ஜாதக சாஃப்ட்வேர் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். போனது மவுஸ்தான். நானோ ஒரு புது சிஸ்டம் தலையில் கட்டப் பார்த்தேன். வைரஸ் வரும், பேங்க் விவரம் போகும் என்றெல்லாம் பயமுறுத்தினேன். கடைசியாக, "எக்ஸ்பிக்கு இனி எதிர்காலமே இல்ல சார்" என்றேன். புதுசின் அருமையைக் காட்டலாம் என்று என் லேப்டாப்பைத் திறந்தால், அது அப்டேட் ஆகிறேன் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் அவருடைய கிழட்டு சிஸ்டம் ஒரு முழு ஜாதகத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்:

"எதிர்காலத்தை நான் பாத்துக்கறேன். நீ மவுஸை மட்டும் பாரு."

சாந்தோம் ஸ்டெல்லா அக்கா

இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. ஸ்டெல்லா அக்கா காலையில் மீன் விற்பவர், மற்ற நேரம் அந்தக் குப்பத்துப் பெண்கள் குழுவின் செயலாளர். வீட்டு ஒதுக்கீட்டு மனுவுக்காக நாற்பது வீட்டு ஆதாரப் பத்திரங்களை ஒவ்வொன்றாக வாங்கி ஸ்கேன் பண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு, நகலைக் குழுவின் பழைய கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அது மெதுவாக ஓடுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்.

ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால் நாம் எல்லோரும் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன்: "முக்கியமானதெல்லாம் டி டிரைவ்ல இருக்காக்கா?" அவர் திரையைக் காட்டினார். எக்ஸ்பியின் அந்தப் பச்சை மலையும் நீல வானமும். "அல்லாம் அந்தப் பச்ச மல மேலதான் கீது நைனா." டெஸ்க்டாப்பைத்தான் சொல்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதில் இருப்பது சி டிரைவில் இருக்கும், ஃபார்மட் அடித்தால் முதலில் போவது அதுதான் என்பதும் தெரியும். அடையாறில் இன்னொருவர் காத்திருந்தார். "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டிவிட்டு அடித்துவிட்டேன்.

மலையோடு நாற்பது வீடும் போயிற்று. "வைரஸ்க்கா. எக்ஸ்பி பழசுல்ல, அதான் தின்னுடுச்சு" என்றேன். அவர் திட்டவில்லை. புதுத் திரையில் மலை இருந்த இடத்தை விரலால் தொட்டுக் கேட்டார்:

"இத்தினி வருசம் துன்னாதது, நீ வந்தன்னிக்கா நைனா துன்னுச்சி?"

என் கடை

இரண்டு வாரம் கழித்து, மறுபடி அலைந்து சேர்த்த காகிதக் கட்டோடு ஸ்டெல்லா அக்கா கடைக்கு வந்தார், ஸ்கேன் பண்ண. என் மேசையில் ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்பி. அதை நான் விடவே இல்லை. அதில்தான் தொழில் கற்றேன். அதன் ஆரம்ப சங்கீதம் கேட்டால்தான் எனக்குக் கடை திறந்த மாதிரி இருக்கும். அவர் பச்சை மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா நைனா, எங்களுக்கு வாணாம்னுட்டு நீ மட்டும் வெச்சிக்கினு கீற?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன். வைரஸ் இல்லை, எக்ஸ்பி இல்லை, நான்தான் என்று. மறுபடி பேப்பர் கேட்டு வந்ததால், முதலில் எடுத்த நகலை அக்கா யாருக்கோ விற்றுவிட்டதாகக் குழுவில் பேச்சு கிளம்பியிருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காகிதக் கட்டை என் மேசையில் வைத்துவிட்டு அக்கா சொன்னார்:

"நீ கம்ப்யூட்டர் மேல பழி போட்டுட்டு பூட்ட. அவுங்கோ என் மேல போட்டாங்கோ நைனா. வா, ஒவ்வொரு வூட்லயும் வந்து நீயே சொல்லு."

முப்பத்தெட்டு வாசலில் நின்று சொல்லியாயிற்று, ஊருக்கு வெளியே குடிபோன இரண்டு வீடு பாக்கி. எக்ஸ்பியின் எதிர்காலம் எப்படியோ, அதன் பேரைச் சொல்லித் தப்பித்த என் காலம் முடிந்துவிட்டது.