நான்கு மில்லிமீட்டர் அலகு

துறைமுகத்துச் சந்தில் மடக்குக் கத்தி செய்து விற்கும் அக்காவிடம், மீன்பிடிப் படகில் வேலை செய்த தம்பி கேட்டது ஒன்றுதான்.

"நெம்பினாலும் உடையக் கூடாதுக்கா."

அவளும் கத்தியின் வெட்டும் தகடான அலகை நான்கு மில்லிமீட்டர் தடிமனில் எடுத்து, விளிம்பை மட்டும் சரித்துச் சாணை பிடித்துக் கொடுத்தாள். கைமுடியை மழிக்கும் அளவுக்குக் கூர் இருந்தது.

மூன்றாம் மாதம் வலைக்கயிறு காலில் சுற்றி அவனைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போனது. உடலை மேலே தூக்கியபோது, கத்தி அவன் கையிலேயே இருந்தது. காலில் கிடந்த கயிறு பாதிதான் அறுந்திருந்தது.

அந்தக் கயிற்றை அவள் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். அதே கத்தியால் அறுத்துப் பார்த்தாள். கூர் எளிதாக இறங்கியது. அதன் பின்னால் வந்த அலகின் தடிமன் கயிற்று நாருக்குள் ஆப்புப் போல இறுகி நின்றது. பிறகு அலகை முதுகிலிருந்து விளிம்பு வரை மெலிதாகத் தேய்த்து, விளிம்பில் பழைய கூர்மையையே வைத்தாள். ஒரே இழுப்பில் கயிறு இரண்டானது.

அவள் அழுகுரல் கேட்டு அம்மா ஓடிவந்தாள். "என்னடி ஆச்சு?"

"அறுந்துடுச்சும்மா."

அதற்குப் பிறகு அவள் தடித்த அலகு செய்யவே இல்லை. நெம்பவும் வேண்டும் என்பவர்களிடம், "அதுக்குத் தனியா ஒரு கம்பி வாங்கிக்குங்க" என்பாள். ஒவ்வொரு கத்தியையும் ஈரக் கயிற்றில் வைத்துச் சோதிப்பாள். அப்போதெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து தம்பியின் குரல் கேட்கும்.

"இன்னும் கொஞ்சம்தான்க்கா."

கயிறு அறுந்து விழும்வரை அவள் மூச்சு விடுவதில்லை.